ஆளில்லாத ஊரில் எழுந்த புகை

கடல் வற்றிவிட்டதால் இப்போது கப்பல் ஓடாது என்று துறைமுகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். புயலால் கப்பல் நின்றதைக் கண்டிருக்கிறேன். நேவி மறித்து நின்றதையும் கண்டிருக்கிறேன். தண்ணீர் போதாமல் நின்றதை எஸ்தோனியாவில்தான் முதலில் கண்டேன். காற்று விடாமல் ஒரே பக்கம் அடித்தால் அங்கே ஆழமில்லாத கடல் அப்படியே பின்வாங்கிவிடுமாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாசி பிடித்த கற்கள் வெளியே கிடந்தன. மிதக்க வேண்டிய வாத்துகள் சேற்றில் நடந்து திரிந்தன.

எங்களுக்கு முன்னால் நின்ற காரில் ஒரு தகப்பனும் சின்ன மகளும். அவர்கள் கதைத்ததை லீனா எங்களுக்கு நோர்வே மொழியில் மாற்றிச் சொன்னாள்.

“கடல் எங்கே போனது?”

“சுவீடனுக்கு.”

“திரும்பி வருமா?”

“காற்று மாறினால் வரும்.”

நானும் மச்சாளும் சிரித்தோம். சொன்ன லீனா சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

லீனா எஸ்தோனியாக்காரி. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் என் மச்சாளோடு வேலை செய்கிறாள். அவளுடைய தாய் ஐனோ ஒரு தீவில் தனியாக இருக்கிறாள். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று லீனா கேட்டுக்கொண்டாள்; பாழடைந்த ஊர்களைப் படம் எடுக்க வருகிறவர்களின் தொல்லை ஏற்கெனவே போதுமாம். குளிர்காலத்துக்குத் தாயை ஒஸ்லோவுக்குக் கூட்டிவர அவள் முன்பும் போயிருக்கிறாள். பெட்டி கட்டி, கோட் போட்டு, வாசல் வரைக்கும் வந்தபின் தாய் மாட்டேன் என்று இருந்துவிடுவாளாம். இந்த முறை ஆள் பலத்தோடு போகவேண்டும் என்றாள். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. எனக்குக் கார் ஓடவும் தெரியும், பிடிவாதக்காரரோடு வாய்காட்டவும் தெரியும்.

எனக்கும் ஒரு அலுவல் இருந்தது. சாந்தி மச்சாள் என் அண்ணனின் மனைவி. போர் முடிந்த நாட்களில், பெயர் பதியவேண்டும் என்று சொல்லி ஆட்களை ஏற்றிப்போன பஸ் ஒன்றில் அண்ணன் ஏறியதை அவள் கண்டாள். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. கேட்காத இடமில்லை. இப்போது மகள் யாழினிக்குத் தை மாதம் கலியாணம். அதற்கு முன்னால் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிடு என்று சொந்தக்காரர் மச்சாளை நெருக்கினார்கள். அழைப்பிதழில் அண்ணனின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா இல்லையா என்று கேட்டு லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் சித்தப்பா ஓயாமல் போன் எடுப்பார். மறைப்பானேன், நெருக்கியவர்களில் முதல் ஆள் நான். கோயில் ஐயரிடம் நாள்கூடக் கேட்டு வைத்திருந்தேன். மச்சாள் மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெஸ்ட்லியில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சில நாள் தனியாக அகப்பட்டால் கதைத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

காத்திருந்த நேரத்தில் மச்சாள் ஒஸ்லோ குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் வாங்கிய உறைப்பான பருத்தித்துறை வடையைப் பிரித்தாள். டிக்கெட் பார்க்கிறவர் ஒன்றை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, பிஸ்கட் என்று நினைத்துக் கடித்தார். அவர் முகம் சிவந்ததில் எங்களுக்கு ஒரு சின்ன வெற்றி. பதிலுக்குப் புகையில் வாட்டிய தட்டை மீன் ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தந்தார். பொன் நிறம். விரலால் கிள்ள முள் தனியே கழன்றது.

“எங்கடை கருவாடு இதுக்குப் பக்கத்திலை நிக்கேலாது,” என்றாள் மச்சாள். எனக்கு ரோசம் வந்தது. ஆனாலும் முக்கால்வாசி மீனை நான்தான் தின்றேன்.

பின்னேரம் காற்று மாறியது. கடல் சத்தமே இல்லாமல் வந்து கற்களை மூடியது. கப்பல் புறப்பட்டது.

கூனிக்குறுகிய ஒரு கிழவியை எதிர்பார்த்துப் போன எனக்கு ஐனோ ஏமாற்றம் தந்தாள். எழுபது தாண்டியும் நெடுநெடுவென்று நின்றாள். ஆண்கள் போடும் மேல்சட்டை, கட்டையாக வெட்டிய தலைமயிர், விரலிடுக்கில் சிகரெட். சோவியத் காலத்தில் கூட்டுப்பண்ணை ஆட்களுக்காகக் கட்டிய மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்தாள். எங்களை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னாள். லீனா அதை மொழிபெயர்க்க மறுத்தாள். நான் விடவில்லை.

“என்னைத் தூக்கிக்கொண்டு போகவா இந்த இரண்டு பேரும் என்று கேட்கிறாள்.”

“தேவைப்பட்டால் தூக்குவோம் என்று சொல்,” என்றேன்.

லீனா சொன்னாள். ஐனோ உரக்கச் சிரித்துக் கதவை அகலத் திறந்தாள். சாப்பாடு அவித்த உருளைக்கிழங்கு, புளித்த பாலாடை, கல் மாதிரிக் கனத்த கறுத்த ரொட்டி. மச்சாள் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துத் தன் கிழங்கில் தூவினாள். ஐனோ அதைப் பிடுங்கித் தன் கிழங்கிலும் தூவி, இருமி, கண்ணைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டாள். இவளைக் கிளப்புவது லேசான வேலை இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை தாயும் மகளும் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். மகள் உள்ளே வைத்ததைத் தாய் வெளியே எடுத்தாள். மொழி தெரியாவிட்டாலும் சண்டை நன்றாக விளங்கியது.

“கடற்கரைப் பக்கம் ஒரு பழைய ஊர் இருக்கிறது. நான் பிறந்தது அங்கேதான். இப்போது ஒருவரும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்,” என்று லீனா எங்களை வெளியே அனுப்பினாள்.

பாதையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்ததால் காரை விட்டுவிட்டு நடந்தோம். காடுதான். ஊசியிலை மரங்கள், முள்ளுப் பற்றைகள், காலுக்கடியில் மெத்தென்று அமுங்கும் பாசி. திடீரென்று நடுவில் ஒரு அப்பிள் மரம், நிறையக் காய்த்து. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. காட்டில் யார் அப்பிளை வரிசையாக நடுவார்கள் என்று யோசித்தபோதுதான், ஊருக்குள் வந்து கனநேரமாகிவிட்டது என்பது உறைத்தது. மரங்களுக்கிடையே கல்மதில்கள் ஓடின. மதில்களுக்குள் வீடுகள் நின்ற இடத்தில் மரங்கள் நின்றன. ஒரு கல் படிக்கட்டு மேலே ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது.

குண்டு விழுந்த ஊர்கள் எனக்குப் புதிதல்ல. அங்கே சுவரில் ஓட்டை இருக்கும், கூரை இருக்காது, என்ன நடந்தது என்று பார்த்த உடனே தெரியும். இந்த ஊரில் எந்தக் காயமும் இல்லை. பள்ளிக்கூடத்தின் ஒரு சுவர் மட்டும் நின்றது. பிள்ளைகள் கோட் மாட்டும் கொளுக்கிகள் என் இடுப்பு உயரத்தில் வரிசையாக இருந்தன. விழுந்த அப்பிள்கள் அழுகி, காடு முழுக்கக் கள்ளு மாதிரி மணத்தது. நாய் குரைக்கவில்லை. ஒரு காகம்கூட இல்லை.

பற்றைக்கு அப்பால் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும். போய்ப் பார்த்தால், ஊரார் பலர் ஒன்றாக ஏறி நின்று ஆடுகிற பெரிய மர ஊஞ்சல். தூண்கள் வீட்டு உயரம். மிதிபலகையில் பாசி தடித்திருந்தது. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“காத்து,” என்றேன்.

“ஓம், காத்துத்தான்,” என்றாள் மச்சாள்.

மரங்களில் ஒரு இலை அசையவில்லை. இரண்டு பேரும் அதைக் கண்டோம். நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லித் திரிபவள். ஆனால் திரும்புவோம் என்று முதலில் சொன்னது நான்தான்.

“இவ்வளவு தூரம் வந்திட்டம், கடலைப் பாத்திட்டுப் போவம். நீர் பேசாமல் வாரும்,” என்று மச்சாள் முன்னால் நடந்தாள்.

கடலுக்குச் சற்று முன்னால் அந்த வீடு இருந்தது. முழு வீடு. கூரை இருந்தது, கதவு இருந்தது, சன்னல் கண்ணாடியைக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் யாரோ துடைத்திருந்தார்கள். கையைக் குவித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடி அவ்வளவு துப்புரவு, உள்ளே தரையை மூடிப் பஞ்சு மாதிரித் தூசு. பூப்போட்ட மேசைவிரிப்பிலும் தூசு. கதவோரம் ஒரு சோடி ஆண் சப்பாத்து, கழற்றி வைத்தபடியே விறைத்து நின்றது. அந்தத் தூசில் ஒரு எலியின் கால் தடம்கூட இல்லை.

மச்சாள் உள்ளே பார்க்கவில்லை. அவள் கண் கதவில் இருந்தது. சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டிய நீண்ட விளக்குமாறு ஒன்றைக் கதவின் குறுக்கே சாத்தியிருந்தார்கள்.

“என்ன மனிசரப்பா! தலைவாசலிலை விளக்குமாத்தை நிப்பாட்டி வைச்சிருக்கினம். வீடு விளங்குமே?”

சொன்ன வாயோடு அதை எடுத்தாள். படியில் குவிந்திருந்த இலைகளை ஒரு பிடி பிடித்தாள். முன்முற்றத்தையும் கூட்டினாள். பிறகு வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய், வருகிறவர் கண்ணில் படாதபடி சுவரோடு சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீடுகளில் விளக்குமாற்றின் இடம் அதுதான். நான் தடுக்கவில்லை. அவள் செய்யாவிட்டால் நான் செய்திருப்பேன். ஆனால் முற்றம் கூட்டியதும் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறது, இப்போது கதவைத் திறக்கப்போகிறது என்று தோன்றியது. கார் வரைக்கும் முதுகு கூசக் கூச நடந்தேன்.

காரில் ஏறியதும் பயத்தைப் போக்க வேறு கதை எடுத்தேன். “மச்சாள், ஐயர் காரியத்துக்குக் குறிச்ச நாளை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேக்கிறார்.”

“றோட்டைப் பாத்து ஓட்டும்,” என்றாள்.

அன்று பின்னேரம் மீன் சூப். ஐனோ வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். லீனா சோர்ந்து போயிருந்தாள்.

“அவளைக் கட்டி வைத்திருப்பது இந்த வீடு அல்ல,” என்றாள். “அந்த ஊரில் மிஞ்சியிருக்கிற வீடு. கண்டிருப்பீர்கள்.”

முன்பு அந்தக் கடற்கரை முழுக்க எல்லைக் காவலாம். படகுகளைச் சிப்பாய்கள் சங்கிலி போட்டுப் பூட்டுவார்களாம். பொழுதுபட்டதும் மணலை வாரி மட்டமாக்கிவிடுவார்களாம். விடிய அதில் காலடி கிடந்தால் யாரோ சுவீடனுக்கு ஓடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“மீன் பிடிக்கப் போகவும் பாஸ் எடுக்க வேண்டுமா?” என்று மச்சாள் கேட்டாள்.

“ஆம். உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்களுக்கும் அப்படித்தான்,” என்றாள் மச்சாள்.

ஒரு காலை லீனாவின் தகப்பன் வலை எடுக்கப் போனார். லீனா அப்போது தொட்டிலில். ஆளும் திரும்பவில்லை, படகும் கரை ஒதுங்கவில்லை. சுவீடனுக்கு ஓடிவிட்டான் என்றார்கள் சிப்பாய்கள். மூழ்கிவிட்டான் என்றார்கள் ஊரார். ஐனோ இரண்டையும் ஏற்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தை மூடினார்கள், கடையை மூடினார்கள், எல்லோரையும் இந்தக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வீடுகள் ஒன்றொன்றாய் விழுந்தன. ஐனோ தன் வீட்டின் கூரையை மட்டும் விழ விடவில்லை.

“எங்கள் தீவில் கதவைப் பூட்டுகிற பழக்கமில்லை,” என்றாள் லீனா. “வெளியே போகும்போது விளக்குமாற்றைக் கதவில் சாத்திவிட்டுப் போவோம். வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் வந்ததும் எடுத்துவிடுவோம். அம்மா தினமும் காலையில் சைக்கிளில் போய்ப் பார்க்கிறாள், விளக்குமாறு அங்கேயே நிற்கிறதா என்று. அதை விட்டுவிட்டு அவள் எப்படி ஒஸ்லோவுக்கு வருவாள்?”

மச்சாளின் கரண்டி சூப்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

“விமலா…” என்றாள்.

“வாயைத் திறக்காதேங்கோ,” என்று நான் தமிழில் அடக்கினேன். “விடிய வெள்ளெனப் போய்த் திருப்பி வைச்சிட்டு வருவம். ஒருத்தருக்கும் தெரியவராது.”

என்ன கதைக்கிறீர்கள் என்று லீனா கேட்டாள். சூப் நல்ல ருசி என்றேன்.

விடிய நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தபோது, வாசலில் நிற்க வேண்டிய சைக்கிள் இல்லை. அன்று நாங்கள் கப்பல் ஏறவேண்டிய நாள் என்பதால் ஐனோ வழமையைவிட முந்திக் கிளம்பியிருக்கிறாள். எங்களுக்குப் பின்னால் லீனாவும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்ன அவசரம் என்று கேட்டாள். மச்சாள் காரில் ஏறினாள்.

விழுந்த மரத்தடியில் சைக்கிள் சரிந்து கிடந்தது. காட்டில் பனிமூட்டம். அப்பிள் மரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு மறைந்தன. ஊஞ்சல் சத்தம் இன்றைக்கு இல்லை, அது இல்லாதது இன்னும் பயமாக இருந்தது. முதலில் மணம்தான் வந்தது. விறகு எரியும் மணம். பிறகு மரங்களுக்கு மேலே, ஒருவரும் இல்லாத அந்த ஊரின் மேலே, புகை நேராக எழுந்து நின்றதைக் கண்டோம்.

லீனா ஒரே ஒரு சொல் சொன்னாள். எஸ்தோனிய மொழியில் தகப்பனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஐம்பது வயதுப் பெண், சின்னப் பிள்ளையின் குரலில் அதைச் சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே தூசில் ஒரே ஒரு ஆளின் காலடிகள், வாசலிலிருந்து அடுப்புக்கும் அடுப்பிலிருந்து மேசைக்குமாகப் போய் வந்திருந்தன. மேசையில் இரண்டு கோப்பைகள் கழுவி வைத்தபடி இருந்தன. சட்டியில் அப்பிள் வெந்துகொண்டிருந்தது. ஐனோ கோட்டைக் கழற்றி வைத்திருந்தாள். தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள். எதிரே ஒரு வெறுங்கதிரை. வேளை கெட்ட வேளையில் வந்த விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தாள்.

நான் மச்சாளின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவள் உதறிவிட்டாள்.

“நான்தான் எடுத்தேன்,” என்றாள் நோர்வே மொழியில், லீனாவைப் பார்க்காமல் ஐனோவைப் பார்த்து. “எங்கள் ஊரில் அது வாசலில் நிற்கக் கூடாது. கூட்டிவிட்டுப் பின்னால் வைத்தேன். வேறு ஒருவரும் வரவில்லை. என்னை மன்னித்துக்கொள்.”

லீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே மொழிபெயர்க்கத் தொடங்கினாள். பாதியில் அழுதாள். மீதியைச் சொன்னாள். ஐனோ அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

“தெரியும்,” என்றாள். “கதவைத் திறந்த உடனே தெரியும். தூசில் காலடி இல்லையே. அதற்காகத்தான் இத்தனை வருசமும் நான் உள்ளே கால் வைக்கவில்லை. என் காலடி விழுந்தால் அவனுடையதை எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

“பிறகு ஏன் அம்மா அடுப்பை மூட்டினாய்?”

“வாசல் கூட்டியிருந்தது. விளக்குமாறு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வந்துவிட்டான், பின்னால் விறகு எடுக்கப் போயிருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டு அப்பிளை வெட்டினேன். நீங்கள் வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் அவன் வீட்டில்தான் இருந்தான். இப்படி ஒரு காலை எனக்கு முன்னே கிடைத்ததில்லை.”

இரண்டு கோப்பையிலும் அப்பிளைப் போட்டாள். தன்னுடையதை ஆறுதலாகச் சாப்பிட்டாள். பிறகு எதிர்க் கோப்பையை இழுத்து அதையும் சாப்பிட்டாள். படைத்ததை எடுத்துச் சாப்பிடுகிற மாதிரியே இருந்தது. எங்களுக்குச் சட்டி மூடியில் தந்தாள். அந்தக் கோப்பைகளில் தரவில்லை.

சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மகளிடம் கேட்டாள்: “பெட்டி கட்டியாயிற்றா?”

புறப்படும்போது லீனா பழக்கதோசத்தில் பின்னால் போய் விளக்குமாற்றை எடுத்து வந்தாள். ஐனோ அதை வாங்கி, முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் போட்டாள். நாங்கள் மரங்களுக்குள் நடக்கும்போது பின்னால் புகை இன்னும் நின்றது.

கப்பலில் ஐனோ லீனாவோடு உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நானும் மச்சாளும் மேல்தட்டில் நின்றோம். கடல் நிரம்பி இருந்தது. இனி நான் வாதாடவே தேவையில்லை, கண்ணால் கண்டுவிட்டாள், தானாக ஓம் என்பாள் என்று நினைத்தேன்.

“மச்சாள், ஐயருக்கு என்ன சொல்ல?”

“அந்த மனிசிக்கு ஒரு காலமை கிடைச்சுது, விமலா. எனக்கு இன்னும் கிடைக்கேல்லை,” என்றாள். “கிடைச்சாப் பிறகு நீங்கள் என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. இப்ப வேண்டாமெண்டு சொல்லும்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. காரியத்தைச் செய்து முடிக்க அவசரப்பட்டது அவளுக்காக அல்ல. அண்ணனின் வழியைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனது நான்.

கரை தெரியத் தொடங்கியதும் போன் வேலை செய்தது. ஐயருக்கு எடுத்து, அந்த நாளை விட்டுவிடுங்கோ என்றேன். அதற்கென்ன, மாற்றி வைக்கலாம் என்றார்.

“அப்ப எப்பத்துக்கு வைப்பம் பிள்ளை?”

“அண்ணை வரட்டும் ஐயா, கேட்டுச் சொல்லுறன்,” என்றேன்.